வாசகர் கேள்வி–பதில்: கில்கென்னிக்கு ஒரு நாள் போதுமா?

இம்முறை வந்த கடிதங்களில் அயர்லாந்துதான் அதிகம். பெங்களூரிலிருந்து பிள்ளைகள் டப்ளினுக்குப் படிக்கவும் வேலைக்கும் போய்விட, பெற்றோர் பின்னாலேயே ஊர் பார்க்கக் கிளம்புகிறார்கள். டப்ளினுக்குத் தென்மேற்கே, நோர் ஆற்றங்கரையில் இருக்கும் கில்கென்னியைப் பற்றியே பலரும் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

மகன் டப்ளினில் இருக்கிறான். கில்கென்னியையும், விக்லோ மலையில் உள்ள பழைய மடாலய இடமான கிளென்டலாக்கையும் ஒரே நாளில் காட்டிவிடும் பஸ் டூர் இருக்கிறதாம். அது போதாதா? (அல்சூர் வாசகர்)

போதாது. அப்படிப்பட்ட டூர்களில் கில்கென்னிக்கு மிஞ்சுவது இரண்டு மணி நேரம், தப்பினால் மூன்று. கோட்டைக்குள் ஒரு சுற்று, ஒரு காபி, வாசலில் நின்று போட்டோ, அதோடு பஸ்ஸுக்கு ஓட்டம். இந்த ஊரின் ருசியே கோட்டைக்கு வெளியே, பத்து இருபது கிலோமீட்டருக்குள் கிடக்கும் பாழடைந்த மடாலயங்களிலும் ஆற்றோரக் கிராமங்களிலும்தான் இருக்கிறது. டூர் பஸ் அந்தப் பக்கமே திரும்பாது.

இரண்டு இரவு தங்குங்கள். ஒரு பகல் ஊருக்கு, ஒரு பகல் சுற்றுப்புறத்துக்கு. டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து வாட்டர்ஃபோர்டு போகும் ரயிலில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கில்கென்னி மக்டோனா நிலையம். டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்தால் மலிவு. டப்ளின் விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது. இறங்கியவுடனே போகிறவர்களுக்கு அங்கிருந்து கில்கென்னிக்கு நேரடி பஸ் உண்டு; பெட்டிகளோடு ஹியூஸ்டன் போய் ரயில் பிடிப்பதைவிட அது சுலபம்.

தங்குவதற்கு ஞாயிறு முதல் வியாழன் வரை உகந்தது. வெள்ளி, சனி இரவுகளில் கல்யாணத்துக்கு முந்தைய பார்ட்டிக்காக நண்பர் கூட்டங்கள் இந்த ஊருக்கு வரும். அறை விலையும் ஏறும், நள்ளிரவு வரை தெருவில் சத்தமும் இருக்கும். ஜூன் முதல் திங்களை ஒட்டி வரும் விடுமுறை வாரக் கடைசியில் நகைச்சுவை விழா, ஆகஸ்டில் கலை விழா. அந்த நாட்களில் போவதென்றால் அறையைப் பல மாதம் முன்பே பிடித்துவிட வேண்டும்.

கோட்டை, பேராலயம், பழைய வீடு என்று பட்டியல் நீள்கிறது. எந்த வரிசையில் பார்ப்பது? கோட்டைக்கு உள்ளே எல்லாம் புதுசு என்கிறார்களே? (ஜெயநகர் வாசகி)

வடக்கே செயின்ட் கேனிஸ் பேராலயத்தில் தொடங்கித் தெற்கே கோட்டையில் முடியுங்கள். இந்தப் பாதைக்கு ‘மிடீவல் மைல்’ என்று பெயர். நிற்காமல் நடந்தால் இருபது நிமிடத்துக்குமேல் ஆகாது. பேராலயத்தை முதலில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் அதன் பக்கத்தில் நிற்கும் வட்டக் கோபுரம். 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, சுமார் 30 மீட்டர் உயரம். அயர்லாந்தில் உச்சிவரை ஏறக்கூடிய இடைக்காலக் கோபுரங்கள் இரண்டே இரண்டுதான், மற்றது கில்டேரில். மழையும் காற்றும் பலமாக இருந்தால் ஏறவிட மாட்டார்கள். காலையில் போய் முடியாவிட்டால் மாலையில் திரும்பி வரலாம். கடைசியில் வைத்துக்கொண்டால் அந்த வாய்ப்பு இல்லை. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. உள்ளே செங்குத்தான மர ஏணிகள். தோள்பை மாட்டிக்கொண்டு ஏறினால் மேலே இருந்து இறங்குகிறவருக்கு வழிவிட முடியாது, கீழேயே விட்டுச் செல்லுங்கள்.

பேராலயத்துக்குள் பியர்ஸ் பட்லர், அவர் மனைவி மார்கரெட் ஃபிட்ஸ்ஜெரால்டு இருவரின் கல்லறையைத் தேடிப் பாருங்கள். கறுப்புக் கல்லில் இருவரும் அக்கம்பக்கம் படுத்திருக்கிறார்கள்; அவர் கவசத்தோடு, அந்த அம்மாள் கொம்பு வைத்த தலையணியோடு. உடையின் மடிப்புகள்கூடத் தெளிவாகத் தெரியும். ஊரின் சரித்திரத்தில் பாதி இந்த பட்லர் வம்சம்தான்.

அடுத்து பிளாக் அபி. டொமினிக்கன் துறவிகளுக்காக 1225-இல் நிறுவப்பட்டது, இன்றும் வழிபாடு நடக்கிறது, கட்டணம் இல்லை. தெற்குச் சுவரை நிறைத்திருக்கும் ஜெபமாலை வண்ணக் கண்ணாடி ஜன்னல் 1892-இல் மியூனிக்கில் செய்தது. நண்பகல் வெயில் அடிக்கும்போது உள்ளே போங்கள். மேகமூட்டத்தில் பாதி அழகு காணாமல் போகும். அங்கிருந்து பார்லமென்ட் தெருவில் ரோத் ஹவுஸ்: ஜான் ரோத் என்ற வணிகர் 1594-க்கும் 1610-க்கும் இடையில் ஒன்றின் பின் ஒன்றாகக் கட்டிய மூன்று வீடுகள், நடுவே முற்றங்கள், கடைக்கோடியில் தோட்டம். முன்வாசலில் கடை, பின்னால் குடும்பம் என்ற அமைப்பு. முன் கட்டடத்தோடு திரும்பிவிடுகிறவர்கள் அதிகம். தோட்டம் வரை போனால்தான் மனையின் நீளம் புரியும்.

ஹை ஸ்ட்ரீட்டில் 1761-இல் கட்டிய தோல்செல் என்னும் நகரமன்றத்தைத் தாண்டியதும் ‘பட்டர் ஸ்லிப்’ என்ற சந்து. ஒரு காலத்தில் வெண்ணெய்க் கடைகள் இருந்த இடம். நம் சிக்பேட்டைச் சந்து மாதிரி, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும். இரண்டு நிமிடம் போதும்.

இனி கோட்டை. உள்ளே எல்லாம் புதுசு என்று நீங்கள் கேள்விப்பட்டது பாதி சரி. கல்கோட்டையை 1213-இல் முடித்தவர் வில்லியம் மார்ஷல் என்ற நார்மன் பிரபு. நான்கு மூலையிலும் நான்கு கோபுரங்கள் இருந்தன. 1650-இல் இங்கிலாந்தின் குரோம்வெல் படை முற்றுகையிட்ட பிறகு மூன்றுதான் மிஞ்சின. இன்று கோட்டை ஒரு பக்கம் திறந்து கிடப்பதற்குக் காரணம் அந்தப் போர்தான். பட்லர்கள் இதை 1391-இல் வாங்கி, 1935 வரை வைத்திருந்தார்கள். போகும்போது தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் ஏலம் விட்டார்கள். 1967-இல் கோட்டையே வெறும் 50 பவுண்டுக்கு ஊர் மக்கள் கைக்கு வந்தது. ஆகவே அறைகளில் இருப்பது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு மாளிகை வாழ்க்கையை மீட்டு அமைத்தது. சண்டைக்கோட்டையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். நீண்ட ஓவியக் கூடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். சுவரில் உள்ள படங்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். தலையைத் தூக்கினால் மரக்கூரை முழுக்க வண்ணம் தீட்டிய உத்தரங்கள் தெரியும்.

கோடையில் கோட்டை டிக்கெட்டுக்கு இணையத்தில் நேரம் குறித்துக்கொள்ளுங்கள், பிற்பகல் இரண்டரை மணி வாக்கில். பிறகு பூங்காவில் உட்காரலாம். அதற்குக் கட்டணம் இல்லை. கோட்டை, கீழே சொல்லப்போகும் ஜெர்பாயின்ட் மடாலயம், டன்மோர் குகை மூன்றும் அரசுத் துறையின் பராமரிப்பில் இருப்பவை. இன்னும் சில ஊர்களும் போவதாக இருந்தால் முதல் இடத்திலேயே ‘ஹெரிடேஜ் கார்டு’ கேளுங்கள். ஒரு வருடம் செல்லும். பேராலயமும் ரோத் ஹவுஸும் அதில் சேராது. கில்கென்னி மட்டும் என்றால் கார்டு வாங்கினால் நஷ்டம்.

சூனியக்காரி நடத்திய விடுதி அங்கே இருப்பது உண்மையா? (ஃபிரேசர் டவுன் வாசகர்)

கைட்டலர்ஸ் இன் என்ற மதுக்கூடத்தைக் கேட்கிறீர்கள். ஆலிஸ் கைட்டலர் வட்டிக்குப் பணம் கொடுத்த பணக்காரப் பெண்மணி. நான்கு முறை மணந்தவர். கணவன்மாரின் முந்தைய தாரத்துப் பிள்ளைகள் சொத்துத் தகராறில் குற்றம்சாட்ட, பிஷப் ரிச்சர்டு லெட்ரீட் 1324-இல் சூனிய வழக்குத் தொடுத்தார். ஆலிஸ் தப்பி ஓடிவிட்டார். அகப்பட்டவர் அவருடைய வேலைக்காரி பெட்ரோனில்லா. சாட்டையடிக்குப் பிறகு அவரை அந்த ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி எரித்தார்கள். ஆலிஸின் மகன் வில்லியமுக்குப் பிராயச்சித்தமாக விதித்தது பேராலயத்துக்கு ஈயக் கூரை போட்டுத் தரும் வேலை. 1332-இல் பேராலயத்தின் நடுக்கோபுரம் இடிந்து விழுந்தது. அந்த ஈயத்தின் பாரம்தான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். விடுதிக்குள் இன்று பாட்டும் சாப்பாடும்தான். கதையைத் தெரிந்துகொண்டு போனால் பேராலயத்தின் குட்டைக் கோபுரத்தைப் பார்க்கும் பார்வையே மாறும்.

சுற்றுப்புறத்தில் எதெல்லாம் பார்க்கலாம்? கார் இல்லாமல் முடியுமா? (ஒயிட்ஃபீல்டு வாசகி)

ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: பூட்டும் இடம் முதலில், பூட்டாத இடம் கடைசியில்.

காலையில் ஜெர்பாயின்ட் மடாலயம். கில்கென்னியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், தாமஸ்டவுனை அடுத்து. 12-ஆம் நூற்றாண்டு சிஸ்டர்சியன் துறவிகளின் இடம். 1540-இல் மடாலயங்கள் கலைக்கப்பட்டபோது காலியானது. கூரை இல்லை. ஆனால் முற்றத்தைச் சுற்றிய தூண்களில் செதுக்கிய உருவங்கள் வேறெங்கும் இவ்வளவு கிட்டத்தில் கிடைக்காது. வீரன், சீமாட்டி, பிஷப், விசித்திர மிருகங்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகம் சுளிக்கும் ஓர் ஆள்கூட இருக்கிறான். இரட்டைத் தூண்களுக்கு நடுவே உள்ள பலகைக் கல்லில் இருபுறமும் செதுக்கியிருப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், வெளிப்பக்கமும் உட்பக்கமும் என இரண்டு சுற்று வாருங்கள். ஒரு மணி நேரம் ஆகும். குளிர்காலத்தில் திறக்கும் நாட்கள் குறைவு, போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு இனிஷ்டீக். நோர் ஆற்றின்மேல் பத்து வளைவுப் பாலம், ஒரு சதுக்கம், நான்கைந்து கடைகள். ஊருக்கு மேலே உட்ஸ்டாக் தோட்டம். மாளிகை 1922-இல் எரிந்து கூடாக நிற்கிறது; மரங்கள் பிழைத்துவிட்டன. இருபுறமும் ‘மங்கி பஸில்’ மரங்கள் நிற்கும் சாலை அங்கே பார்க்க வேண்டியது. வாகன நிறுத்தத்துக்குச் சில்லறை நாணயம் வைத்திருங்கள்.

மாலைக்கு கெல்ஸ் பிரயரி. இதற்குக் கதவும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. கிங்ஸ் ரிவர் கரையில் 1193-இல் நிறுவப்பட்ட அகஸ்டீனிய மடம். சுற்றுமதில் முழுக்கக் கோபுரங்கள் இருப்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் கோட்டை என்றே தோன்றும். உள்ளூரில் ‘ஏழு கோட்டைகள்’ என்பார்கள். சரிவில் ஆடுகள் மேயும். புல் ஈரமாகவும் வழி சாணியாகவும் இருக்கும், செருப்போடு இறங்காதீர்கள். கழிப்பறையை நம்பிப் போகவும் வேண்டாம். சாலையோரம் மேட்டிலேயே ஐந்து நிமிடம் நின்று முழு அமைப்பையும் பார்த்துவிட்டு இறங்கினால் உள்ளே திசை குழம்பாது. நேரம் இருந்தால் இரண்டு மூன்று கிலோமீட்டரில் கில்ரீ என்ற இடத்தில் வட்டக் கோபுரமும் கற்சிலுவையும் உண்டு.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. போனில் ‘கெல்ஸ்’ என்று மட்டும் அடித்தால் டப்ளினுக்கு வடமேற்கே மீத் மாவட்டத்தில் உள்ள கெல்ஸுக்கு வழி காட்டிவிடும். ‘கெல்ஸ் பிரயரி, கில்கென்னி மாவட்டம்’ என்று முழுதாக அடியுங்கள்.

கார் இல்லாவிட்டால் தாமஸ்டவுன் வரை ரயிலில் போகலாம், அதே வாட்டர்ஃபோர்டு தடம்தான். நிலையத்திலிருந்து ஜெர்பாயின்ட் சுமார் இரண்டரை கிலோமீட்டர். வண்டிகள் வேகமாக ஓடும் சாலை; நடப்பதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். திரும்பும் ரயில்களும் அடிக்கடி இல்லை. கெல்ஸுக்கு ரயிலே கிடையாது. மூன்று நான்கு பேர் இருந்தால் கில்கென்னியிலிருந்தே அரை நாளுக்கு டாக்ஸி பேசிவிடுவது நல்லது. காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து முதலிலேயே தொகையைப் பேசிக்கொள்ளுங்கள்.

கெல்ஸ் பிரயரியில்தான் ‘புக் ஆஃப் கெல்ஸ்’ இருக்கிறதா? (பள்ளி மாணவி, இந்திராநகர்)

இல்லை. ஓவியங்கள் நிறைந்த அந்தப் பழைய நற்செய்திச் சுவடி மீத் மாவட்டத்து கெல்ஸில் நெடுங்காலம் இருந்தது. இப்போது டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. எதைத் தவிர்க்கலாம்? (மல்லேஸ்வரம் வாசகர்)

வட்டக் கோபுரத்தையும் டன்மோர் குகையையும் விட்டுவிடுங்கள். ஊருக்கு வடக்கே சுமார் 11 கிலோமீட்டரில் உள்ள அந்தக் குகைக்கு வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி, அதே படிகளில் ஏற வேண்டும். ஈரத்தில் வழுக்கும், நடுவில் திரும்பி வருவது சிரமம். 928-இல் வைக்கிங்குகள் அங்கே ஆயிரம் பேரைக் கொன்றதாகப் பழைய ஆண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. 1999-இல் பாறை இடுக்கில் வெள்ளிப் புதையலும் கிடைத்தது. நீங்கள் போய்ப் பார்த்து வந்து அம்மாவுக்குச் சொல்லுங்கள். அவர் வரவேற்புக் கட்டடத்தில் உட்காரட்டும்.

கெல்ஸில் சரிவு இருக்கிறது, மேட்டிலிருந்து பார்த்தாலே போதும். ஜெர்பாயின்ட் சமதளம். பிளாக் அபி, கோட்டைப் பூங்கா, ஆற்றோரக் கால்வாய் நடைபாதை மூன்றும் அவருக்குச் சிரமம் தராது.

ஷெங்கன் விசா இருக்கிறது. அதிலேயே போகலாமா? பெங்களூரில் எப்படி விண்ணப்பிப்பது? (கோரமங்களா வாசகி)

முடியாது. அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் ஷெங்கன் என்ற பொது விசா ஏற்பாட்டில் இல்லை. தனி விசா வேண்டும். ‘அவாட்ஸ்’ என்ற இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, கடைசியில் வரும் சுருக்கத் தாளை அச்சிட்டுக் கையெழுத்துப் போட்டு, பெங்களூர் விசா மையத்தில் மற்ற ஆவணங்களோடு கொடுக்க வேண்டும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். ஒருமுறை நுழையும் விசாவுக்கு 60 யூரோ, பலமுறைக்கு 100 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

மறுப்பு வருவது பெரும்பாலும் பணக் கணக்கில். ஆறு மாத வங்கி அறிக்கையில் விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென லட்சங்கள் விழுந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று ஒரு கடிதமும் அதற்கான சான்றும் வையுங்கள். கன்னடத்திலோ தமிழிலோ இருக்கும் திருமணச் சான்று, சொத்துப் பத்திரத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். வேறெந்த நாடாவது முன்பு விசா மறுத்திருந்தால் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் அதுவே மறுக்கக் காரணமாகிவிடும். மறுத்தால் இரண்டு மாதத்துக்குள் கட்டணமின்றி மேல்முறையீடு செய்யலாம். விசா கைக்கு வருமுன் பணம் திரும்பாத விமான டிக்கெட் வாங்க வேண்டாம்.

பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் பக்கமும் போக ஆசை இருந்தால் விசாவில் ‘பி.ஐ.வி.எஸ்.’ (பிரிட்டிஷ்–ஐரிஷ் விசா திட்டம்) என்ற குறிப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அயர்லாந்துக்கு முதலில் போய்விட்டு, அதே விசாவில் பிரிட்டனுக்கும் போகலாம். இல்லாவிட்டால் வட அயர்லாந்துக்குத் தனியாக பிரிட்டன் விசா வேண்டும். எல்லையில் யாரும் நிறுத்துவதில்லை என்பதற்காகத் துணிந்து தாண்டாதீர்கள். வழியில் சோதனை வந்தால் அகப்பட்டுக்கொள்வீர்கள்.

நம் ஓட்டுநர் உரிமத்தில் அங்கே கார் ஓட்டலாமா? (எலெக்ட்ரானிக் சிட்டி வாசகர்)

ஓட்டலாம், அங்கேயும் இடது பக்கம்தான். கூடவே சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்து வையுங்கள். பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து ஆர்.டி.ஓ.வில் வாங்கலாம், ஒரு வருடம் செல்லும். வாடகை நிறுவனங்கள் முன்பணத்தை ஓட்டுநர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டில்தான் பிடித்து வைக்கும். டெபிட் கார்டோடு போய் கவுன்டரில் திரும்பி வந்தவர்கள் உண்டு. கியர் இல்லாத கார் வேண்டுமென்றால் முன்பே சொல்லுங்கள், வாடகை கூடும். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி மூன்றும் சாதாரணக் காப்பீட்டில் பெரும்பாலும் சேராது. கிராமச் சாலையில் அடிபடுவதும் அவைதான்.

விமான நிலையத்திலிருந்து கில்கென்னி சுமார் 130 கிலோமீட்டர். டப்ளினைச் சுற்றிப் போகும் எம்50 சாலையில் சுங்கச்சாவடியே கிடையாது, கேமரா எண்ணைப் படித்துக்கொள்ளும். மறுநாள் இரவு 8 மணிக்குள் கட்டணம் கட்ட வேண்டும். வாடகை நிறுவனம் கட்டுமா, நீங்கள் கட்ட வேண்டுமா என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள். மோட்டார்வேயில் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம். கிராமப்புற உள்ளூர்ச் சாலைகளில் பொது வரம்பு 2025 பிப்ரவரி முதல் 80-லிருந்து 60 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய பயணக் குறிப்புகளில் 80 என்றே இருக்கும். அந்தச் சாலைகளில் இருபுறமும் வேலி, அதற்குள் கல்சுவர் மறைந்திருக்கும். எதிரே டிராக்டர் வந்தால் வேலியில் ஒட்டாதீர்கள். வயல் வாசல் எங்கே இருக்கிறதோ அங்கே பின்வாங்கி வழிவிடுங்கள். ஹாரன் அடித்தால் சண்டைக்கு வருவதாக நினைப்பார்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? நெய், பொடி கொண்டு போகலாமா? (ராஜாஜிநகர் வாசகி)

ஓரளவு கிடைக்கும், ஆனால் கேட்டுச் சாப்பிடுங்கள். ‘வெஜிடபிள் சூப்’ கோழி வடிசாறில் செய்ததாக இருக்கலாம். சிப்ஸை மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரிப்பார்கள். காலைச் சிற்றுண்டியில் வரும் ‘பிளாக் புட்டிங்’ பன்றி ரத்தத்தில் செய்வது. பழுப்பு சோடா ரொட்டியும் வெண்ணெயும், முட்டைக்கோஸ் கலந்த மசித்த உருளைக்கிழங்கும் நம் நாக்குக்கு ஒத்துவரும். மதுக்கூடச் சமையலறைகள் இரவு 9 மணிக்கு மேல் அடுப்பை அணைத்துவிடும். வெளிச்சம் இருக்கிறதே என்று பத்து மணிக்குப் போனால் பட்டினிதான்.

நெய், பன்னீர், பால் பவுடர், கோழி ஊறுகாய் எதுவும் கொண்டு போகக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களுக்குத் தடை. கைக்குழந்தைக்கான சீலிட்ட பால் பவுடருக்கு மட்டும் 2 கிலோ வரை விலக்கு. கறிவேப்பிலை, பச்சை மிளகாய்க்கு தாவரச் சான்றிதழ் இல்லாமல் அனுமதி இல்லை. பருப்புப் பொடி, சாம்பார் பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துப் போகலாம். தயிருக்கு அங்குள்ள கடைகளில் ‘நேச்சுரல் யோகர்ட்’ கேளுங்கள். நம் உருண்டை முனை பிளக் அங்கே பொருந்தாது. சதுர முனை மூன்றுபின் அடாப்டர் இல்லாமல் பயண ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பயனில்லை.

எந்த மாதம் நல்லது? ஸ்வெட்டர் போதுமா? (ஹெப்பால் வாசகர்)

மே, ஜூன், செப்டம்பர். ஜூன் கடைசியில் இரவு பத்து மணி நெருங்கும்வரை வெளிச்சம். டிசம்பரில் மாலை நான்கு மணி சுமாருக்கே இருட்டிவிடும், கெல்ஸை மாலைக்கு வைக்கும் யோசனை அப்போது பலிக்காது. அயர்லாந்தில் பதிவான மிக அதிக வெப்பநிலையே 33.3 டிகிரி. அதுவும் இதே கில்கென்னிக் கோட்டையில், 1887 ஜூன் 26-இல். நமக்கு அது ஒரு சாதாரண ஏப்ரல் மத்தியானம். ஜூலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்.

ஸ்வெட்டர் மட்டும் போதாது. அதற்குமேல் தொப்பி வைத்த மழை ஜாக்கெட் வேண்டும். குடை காற்றில் கவிழும். ஒரு கனத்த கோட்டுக்குப் பதில் மெல்லியதாக மூன்று அடுக்கு போட்டுக்கொண்டால், ஒரே மணி நேரத்தில் மழையும் வெயிலும் மாறி மாறி வரும்போது கழற்றிப் போடலாம்.

கில்கென்னி கறுப்பு மார்பிள் அங்கே வாங்கலாமா? (பானஸ்வாடி வாசகர்)

பெயர்தான் மார்பிள், உண்மையில் மெருகேற்றினால் கறுப்பாகப் பளபளக்கும் சுண்ணாம்புக்கல். மழை பெய்தால் அதையே காசில்லாமல் பார்க்கலாம்: பழைய நடைபாதைப் பலகைகள் நனைந்ததும் கறுத்து, உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் தெரியும். காய்ந்தால் வெறும் சாம்பல் நிறம். வாங்குவதற்குக் கோட்டைக்கு எதிரே பழைய குதிரை லாயத்தில் இருக்கும் கைவினை மையத்தில் மண்பாண்டம், நெசவு, வெள்ளி வேலை எல்லாம் கிடைக்கும். கல்லைத் தூக்கிக்கொண்டு விமானத்தில் எடைக்குப் பணம் கட்டுவதைவிட அது மேல்.